ஒரு கட்டளையும் அது கேட்கும் கேள்விகளும்



லினக்ஸ் கணினியில் கடவுச்சொல்லை மாற்ற ஒரு சின்னக் கட்டளை போதும். ஆங்கிலத்தில் ‘பாஸ்வேர்டு’ என்று எழுதி, அதில் வரும் ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளை எடுத்துவிட்டால் அதுதான் கட்டளை. படிக்க வசதியாக இங்கே அதை ‘பாஸ்வ்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். டெர்மினலில் அதைத் தட்டி என்டர் அழுத்தினால் முதலில் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். பிறகு புதியதைக் கேட்கும். அதையே இன்னொரு முறை கேட்கும். தட்டுகிற எதுவும் திரையில் தெரியாது. கைப்பேசியில் வருகிற கறுப்புப் புள்ளிகூட வராது. முதல் தடவை பார்ப்பவர்கள் கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்படுவார்கள். எல்லாம் முடிந்ததும், மாற்றியாகிவிட்டது என்று ஒரே ஒரு வரி வரும்.

அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைக் கூர்ந்து பார்த்தால் சில முரண்கள் தெரியும். கடவுச்சொல் விவரம் இருக்கும் கோப்பைத் திறந்து பார்க்கச் சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் அதில் தன் வரியை அவர் மாற்றிவிடுகிறார். அவரிடம் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும் கணினி, ரூட் எனப்படும் நிர்வாகியிடம் அதைக் கேட்பதில்லை. அந்த நிர்வாகியிடமே போய், “மறந்துபோச்சு சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றால் அவராலும் சொல்ல முடியாது. இந்த விசித்திரங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தவறுக்கோ திருட்டுக்கோ பிறகு சேர்ந்தவை. யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது.

முதல் திருட்டு, கணினிக் கடவுச்சொல் பிறந்த இடத்திலேயே நடந்தது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 1961 நவம்பரில் அதை முதன்முதலாக இயக்கிக் காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் புதுமை. பலர் வந்தால் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் வேண்டும், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று பங்கு வேண்டும். யாருடைய பங்கு எது என்று அடையாளம் காண ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

ஆலன் ஷெர் அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர். வாரத்துக்கு நான்கு மணி நேரம் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. துளையிட்ட அட்டை ஒன்றில் கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் குறித்துக் கொடுத்தால் அந்தக் கோப்பை அச்சிட்டு வைப்பது அங்கே வழக்கம். 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஷெர் கடவுச்சொல் கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் காகிதத்தில் காத்திருந்தன. இதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளியில் சொன்னார். பட்டியலை நண்பர்கள் சிலருடனும் பகிர்ந்துகொண்டாராம்.

அடுத்தது திருட்டு அல்ல, விபத்து. அறுபதுகளின் நடுப்பகுதியில் அதே சிடிஎஸ்எஸ்ஸில் நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் திருத்தியது கடவுச்சொல் கோப்பை; மற்றவர் திருத்தியது, லாகின் செய்பவர்களுக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பை. அவர்கள் பயன்படுத்திய எடிட்டர், தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு கோப்புறையில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்ட எடிட்டர் அது. இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன. கணினி உலகின் உயரிய விருதான டூரிங் விருதை 1990இல் பெற்ற கோர்பட்டோ, தம் விருது உரையில் இந்தக் கதையைச் சொன்னார். நடந்தது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்பதையும் சொல்ல மறக்கவில்லை.

இன்றைய ‘பாஸ்வ்டு’ கட்டளை கோப்பைத் தொடும் முன் அதற்கு ஒரு பூட்டுப் போடுகிறது. இன்னொருவர் அதே நேரத்தில் மாற்ற வந்தால் காத்திருக்க வைக்கிறது, அல்லது முடியாது என்று திருப்பி அனுப்புகிறது. மாற்றத்தை நேராகக் கோப்பில் எழுதாமல் புதுப் பிரதி ஒன்றில் எழுதி, அது முழுமையான பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் பாதி எழுதிய கோப்பு மிஞ்சாது. இந்தக் கோப்புகளைக் கையால் திருத்தியே ஆகவேண்டும் என்றாலும் சாதாரண எடிட்டரில் திறக்கக் கூடாது. அதே பூட்டைப் போட்டுவிட்டுத் திறக்கும் ‘விஐபிடபிள்யூ’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

எம்ஐடியில் நடந்த இரண்டு கதைகளுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. கடவுச்சொற்கள் படிக்கக்கூடிய எழுத்துகளாகவே கோப்பில் கிடந்தன. பூட்டு எத்தனை பலமாக இருந்தாலும் உள்ளே பொருள் இருந்தால் ஒருநாள் வெளியே வரும். இதற்கு விடை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. ரோஜர் நீதம் அறுபதுகளின் பிற்பகுதியில் சொன்ன யோசனை எளிமையானது: கடவுச்சொல்லைச் சேமிக்கவே வேண்டாம். ஒரு கணக்குக்குள் செலுத்தி, அதிலிருந்து வரும் விடையை மட்டும் சேமிக்கலாம். அந்தக் கணக்கை முன்னோக்கிப் போடுவது சுலபம். விடையிலிருந்து திரும்பிப் போக வழி இல்லை. பயனர் மறுபடி வந்து கடவுச்சொல்லைத் தட்டும்போது அதே கணக்கை மறுபடி போட்டு விடைகளை ஒப்பிட்டால் போதும். இந்த விடையைத்தான் இன்று ஹாஷ் என்கிறோம். மறந்த கடவுச்சொல்லை நிர்வாகியால் பார்த்துச் சொல்ல முடியாததற்குக் காரணமும் இதுதான். அவர் பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை; புதிதாக ஒன்றை வைத்துத்தான் தர முடியும்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்திலும் முதலில் கடவுச்சொற்களை அப்படியே எழுதித்தான் வைத்திருந்தார்கள். பிறகு ஒருவழிக் கணக்குக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய எம்-209 என்ற சங்கேத எந்திரத்தைப் போலவே நடக்கும் நிரல் அது. அதற்கு ஒரு குறை இருந்தது: மிக வேகம். பிடிபி-11/70 கணினியில் ஒரு கடவுச்சொல்லைச் சோதிக்க 1.25 மில்லி விநாடிதான் பிடித்தது. ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன எந்தக் கடவுச்சொல்லையும், எல்லா வாய்ப்புகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இந்த அனுபவத்தை விவரிக்கிறது. பயனர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 15 ஒற்றை எழுத்து, 72 இரண்டெழுத்து, 464 மூன்றெழுத்து. மற்றக் குறுகிய கடவுச்சொற்களையும், அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைத்தவற்றையும் சேர்த்தால், 86 சதவீதம் சுலபமாகப் பிடிபடக்கூடியவை. இதற்கு அவர்கள் இரண்டு மருந்துகளைச் சொன்னார்கள். ஒன்று, கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது: டிஇஎஸ் என்ற சங்கேத முறையை 25 முறை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மற்றொன்று சால்ட். கடவுச்சொல் வைக்கும்போதே 4,096 வாய்ப்புகளிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் கணக்கில் கலந்துவிடுவார்கள். இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் கோப்பில் இரண்டு வேறு விடைகள் இருக்கும். அகராதி முழுவதற்கும் ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு ஊரையே சோதிக்கலாம் என்ற திட்டம் அங்கே உடைந்தது.

இந்த மருந்து எத்தனை காலம் தாங்கியது என்பதற்கு ஒரு சுவையான சாட்சி உண்டு. பெர்க்லியில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸின் பழைய நிரல் தொகுப்பு ஒன்றில் அன்றைய முன்னோடிகளின் ஹாஷ்கள் அப்படியே தங்கிவிட்டன. பிற்காலத்தில் ஆர்வலர்கள் அவற்றை உடைக்க உட்கார்ந்தார்கள். அந்த முன்னோடிகளில் ஒருவரான பிரையன் கெர்னிகனின் கடவுச்சொல் கீபோர்டின் வலது ஓரத்தில் உள்ள சாய்கோடு, புள்ளி, காற்புள்ளி ஆகிய மூன்றை மட்டும் மாற்றி மாற்றித் தட்டியது. தாம்ப்சனுடையது நெடுநாள் மசியவில்லை. 2019இல், விநாடிக்குச் சுமார் 93 கோடி சொற்களைச் சோதிக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று நான்கு நாள்களுக்கு மேல் ஓடி அதையும் கண்டுபிடித்தது. அந்தக் கடவுச்சொல், சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வு, பழைய குறியீட்டு முறையில். ஜோ காண்டனுடன் சேர்ந்து ‘பெல்’ என்ற சதுரங்க எந்திரத்தை உருவாக்கி, 1980இல் கணினிகளுக்கான உலகப் பட்டம் வென்றவர் தாம்ப்சன். செய்தி எட்டியதும் ஒரே சொல்லில் வாழ்த்து அனுப்பினார்.

இனி, படிக்க அனுமதி இல்லாத கோப்பில் எழுதும் வித்தை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவேட்டை நாமே எடுத்து எழுத முடியாது. உள்ளே இருக்கும் அலுவலர் நம் அடையாளத்தைச் சரிபார்த்து, நமக்கான பதிவை மட்டும் எழுதுவார். ‘பாஸ்வ்டு’ நிரல் அந்த அலுவலர். அதை இயக்குபவர் யாராக இருந்தாலும் இயங்கும் நேரத்தில் மட்டும் அதற்கு ரூட்டின் அதிகாரம் வந்துவிடும். ‘எல்எஸ் மைனஸ் எல்’ போட்டு அந்த நிரலின் அனுமதிகளைப் பார்த்தால், வழக்கமாக எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் எஸ் என்ற எழுத்து நிற்கும். செட்யூஐடி என்னும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி. 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1979இல் கிடைத்தது. பின்னர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டார்கள். இத்தனை அதிகாரம் உள்ள நிரலில் சின்ன ஓட்டை இருந்தாலும் கணினி முழுவதும் போய்விடும். அதனால்தான் ‘பாஸ்வ்டு’ ஒரு வேலையை மட்டும் செய்கிறது, அதையும் அளந்து செய்கிறது.

அந்த அலுவலர் பழைய கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முதல் காரணம், திறந்தபடி விட்டுப்போன டெர்மினல். தேநீர் குடிக்கப் போனவரின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் அரை நிமிடத்தில் கணக்கைத் தனதாக்கிக்கொள்ளலாம். பழையதைக் கேட்டால் அது நடக்காது. இன்னொரு காரணம் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவரும். சில இடங்களில் பழைய கடவுச்சொல் ஒரு சாவியாகவும் வேலை செய்கிறது. விண்டோஸில் இஎஃப்எஸ் முறையில் சங்கேதமாக்கிய கோப்புகள் இருக்கும் தனிக் கணினியில், நிர்வாகி ‘நெட் யூசர்’ கட்டளையால் ஒருவருடைய கடவுச்சொல்லைப் புதிதாக வைத்துவிட்டால், அவருடைய கோப்புகள் அவருக்கே திறக்காமல் போகலாம். மேக் கணினியில் வேறொருவர் மாற்றிக் கொடுத்தால் கீசெயின் பழைய கடவுச்சொல்லிலேயே நின்றுவிடும். தானே மாற்றுவது வேறு, பிறர் வைத்துத் தருவது வேறு.

திரையில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் அந்தக் கால டெலிடைப். திரைக்குப் பதில் காகிதம். தட்டியதெல்லாம் அச்சாகிக் கடைசியில் குப்பைக் கூடைக்குப் போகும். அதனால் கடவுச்சொல் நேரத்தில் மட்டும் எழுத்தைத் திருப்பி அனுப்பாமல் கணினி அமைதியாக இருந்துவிடும். காகிதம் போய்த் திரை வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. புள்ளிகள் காட்டினால் எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். தட்டுவது நம் கண்ணுக்கும் தெரியாது, பிறகு யாராலும் மீட்டுச் சொல்லவும் முடியாது என்பதால் புதியதை இரண்டு முறை கேட்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு கதவு திறந்தே இருந்தது. ‘எட்சி’ கோப்புறைக்குள் இருக்கும் பாஸ்வ்டு என்ற கோப்பை எல்லோரும் படிக்கலாம், படித்தே ஆகவேண்டும். பயனர் எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க எல்லா நிரல்களுக்கும் அது தேவை. ஹாஷ்களும் அதே கோப்பில்தான் இருந்தன. 1988 நவம்பர் 2ஆம் தேதி வார்ம் எனப்படும், தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் நிரல் ஒன்று இணையத்தில் பரவியது. பரவும் வழிகளில் ஒன்றாக அது இந்தக் கோப்பைப் படித்து, பயனரின் பெயர், அதைத் திருப்பிப் போட்டது, தன்னிடம் இருந்த 432 சொற்களின் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தது. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய அதே ராபர்ட் மோரிஸின் மகன். அப்பா அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. மகனுக்கு நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் அபராதமும் விதித்தது.

ஹாஷ்களை ரூட் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கு மாற்றும் யோசனை அந்த ஆண்டுகளில்தான் பரவலானது. பழைய கோப்பில் ஹாஷ் இருந்த இடத்தில் இன்று எக்ஸ் என்ற ஒரே எழுத்து நிற்கிறது. உண்மையான விவரம் ஷேடோ என்ற கோப்பில் இருக்கிறது. கணக்கிடும் முறைகளும் மாறின: டிஇஎஸ் முறை கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளைத்தான் பார்க்கும், ஒன்பதாவது எழுத்து முதல் என்ன போட்டாலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு எம்டி5, 1999இல் பிகிரிப்ட், 2007இல் எஸ்எச்ஏ-512 அடிப்படையிலான முறை, இப்போது டெபியன் 11 முதல் யெஸ்கிரிப்ட். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெதுவாக, அல்லது கூடுதல் நினைவகம் கேட்பதாக அமைந்திருக்கிறது. கணினியின் பிற துறைகளில் வேகத்துக்குப் பரிசு, இங்கே நிதானத்துக்கு.

நிர்வாகிகளுக்குச் சில நடைமுறைச் சொற்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். ‘பாஸ்வ்டு மைனஸ் எல்’ போட்டுப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்தக் கட்டளை ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியை வைக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கடவுச்சொல்லும் இனி பொருந்தாது. ஆனால் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் வழக்கம்போல உள்ளே வரலாம். கணக்கையே காலாவதியாக்க ‘சேஜ்’ கட்டளையைப் பயன்படுத்தவேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் நூறு மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் வைக்க, ‘சிஎச்-பாஸ்வ்டு’ கட்டளைக்கு வரிக்கு ஒருவராகப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கலாம். அதைக் கட்டளை வரியிலேயே எழுதிக் கொடுத்தால் ஷெல்லின் ஹிஸ்டரியில் தங்கிவிடும். கட்டளையின் பகுதியாகக் கொடுத்த கடவுச்சொல், ‘பிஎஸ்’ போட்டுப் பார்க்கிற பிற பயனர்களுக்கும் தெரியலாம். பிறர் படிக்க அனுமதி இல்லாத ஒரு கோப்பிலிருந்து கொடுத்துவிட்டு, அந்தக் கோப்பை அழித்துவிடுவது நல்லது. இன்னொன்று: ‘சூடோ’ சேர்த்து மற்றவர் கடவுச்சொல்லை மாற்றும்போது முதலில் கேட்கப்படுவது உங்களுடையது, அவருடையது அல்ல. புதியவர்கள் அடிக்கடி தடுக்குகிற இடம் இது.

ரூட் கடவுச்சொல்லே மறந்துபோனால்? கணினிக்கு முன்னால் நேரில் உட்கார முடிந்தால் போதும். பூட் ஆகும்போது கிரப் பட்டியலில் ஒரு வரியைத் திருத்தி, கடவுச்சொல் கேட்காத ஷெல்லுக்குள் போய், வட்டை எழுதும் நிலைக்கு மாற்றி, ‘பாஸ்வ்டு’ போடலாம். ரெட்ஹாட் வகைக் கணினியாக இருந்தால் எஸ்இலினக்ஸின் குறியீடுகளைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு வரவேண்டும்; இல்லாவிட்டால் புதுக் கடவுச்சொல்லும் செல்லாது. நிர்வாகிக்கு வசதியான இந்த வழி, மடிக்கணினியைத் திருடியவருக்கும் வசதிதான். வட்டு முழுவதையும் சங்கேதமாக்கி வைத்தால் மட்டுமே இது அடைபடும்.

கடைசியாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற கேள்வி. ஷேடோ கோப்பில் ஒவ்வொருவருக்கும் கடைசியாக மாற்றிய நாள், அடுத்து மாற்ற அனுமதிக்கும் குறைந்த இடைவெளி, மாற்றியே ஆகவேண்டிய அதிக இடைவெளி, எச்சரிக்கை நாள்கள் எல்லாம் பதிவாகின்றன. நாள் கணக்கு 1970 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தொடங்கும். இந்த வசதி இருப்பதாலேயே தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்று பல அலுவலகங்கள் விதி போட்டன. அதை முதலில் குறை சொன்னவர்களில் மீண்டும் அதே ராபர்ட் மோரிஸ் உண்டு. 1984இல் கிராம்ப் என்பவருடன் எழுதிய கட்டுரையில், லாகின் நேரத்தில் திடீரென்று மாற்றச் சொன்னால் யோசிக்க நேரமில்லாமல் அசட்டுத்தனமான கடவுச்சொற்களைத்தான் வைப்பார்கள் என்றார்கள். சான்று இல்லாத ஊகம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சான்று 2010இல் வந்தது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான கடவுச்சொற்களை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியுமா என்று பார்த்தார்கள். 41 சதவீதக் கணக்குகளில் சில விநாடிகளில் முடிந்தது. 17 சதவீதத்துக்கு ஐந்து ஊகங்களே போதுமாக இருந்தன. கடைசி எண்ணோடு ஒன்று கூட்டுவது, ஓர் எழுத்தைக் குறியாக மாற்றுவது போன்ற மாற்றங்களைத்தான் பலர் செய்திருந்தார்கள்.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிடச் சொன்னது. நீளமான கடவுச்சொல்லை அனுமதியுங்கள், ஏற்கெனவே கசிந்த பட்டியல்களில் இருந்தால் மறுத்துவிடுங்கள், கசிந்ததற்கு அடையாளம் தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள் என்றது. மைக்ரோசாஃப்டும் 2019இல் விண்டோஸுக்கான தன் பரிந்துரைகளிலிருந்து காலக்கெடுவை நீக்கியது. பல லினக்ஸ் கணினிகளின் ஷேடோ கோப்பில் அதிக இடைவெளி 99,999 நாள்கள் என்று இருக்கும். அதாவது 273 ஆண்டுகளுக்கு மேல். கசிவு உறுதியான அன்று நிர்வாகி செய்யவேண்டியது, ‘பாஸ்வ்டு மைனஸ் இ’ என்று அந்தப் பயனரின் பெயரோடு தட்டுவது. அடுத்த முறை அவர் உள்ளே வரும்போது, புதியதை வைத்த பிறகுதான் கணினி அவரை மேலே போக விடும். அதற்கு முன் அவருடைய எஸ்எஸ்எச் சாவிகளையும் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடவுச்சொல் மாறினாலும் அவை தாமாகச் செயலிழப்பதில்லை.